ஹாஜியாரின் தோளில் ஏறிய லேஞ்சி

மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது என்று மன்னாரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் பொய் எதுவும் இல்லை. கலியாண வீடு, கோயில் பெருநாள், பாடசாலைப் பரிசளிப்பு, உதைபந்தாட்ட இறுதிப்போட்டி என்று இந்தத் தீவில் நான் குரல் கொடுக்காத மைதானம் குறைவு. இப்போது ஓய்வு. ஓய்வு தொண்டைக்குத்தான், வாய்க்கு இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

புதிதாக அறிவிப்புத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, சோழகக் காற்று அடிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை ஒலிபெருக்கிக்காரர் உங்களுக்கு ஏசி ஏசியே பழக்கிவிடுவார். நான் சொல்லப் போவது கிரேக்கர்கள் வந்த கதை. என் வாழ்க்கையில் இவ்வளவு சிரித்த நாளும் இல்லை, இவ்வளவு பயந்த நாளும் இல்லை. இரண்டும் ஒரே பொழுதில் நடந்தன.

கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து ஒரு நடனக் குழு இலங்கையைச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி நிகழ்ச்சி மன்னாரில். பாடசாலை மைதானம், மாலை நேரம். எங்கள் விழாக்குழுவின் செயலாளர் சுறுசுறுப்பான பொடியன். கிரேக்கர்கள் ஆடும்போது பீங்கான் தட்டுகளை உடைப்பார்கள் என்று கைத்தொலைபேசியில் எங்கேயோ பார்த்துவிட்டு, கடைத்தெருவில் இருந்த மலிவுத் தட்டுகளை எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார். குழுவின் தலைவி எலேனி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “நாங்கள் ஆட வந்தனாங்கள். கோப்பை பீங்கான் உடைக்க வரேல்லை. எங்கட ஊரில தட்டை உடைச்சால் அம்மா அடிப்பா” என்றாள். அவள் சொன்னது ஆங்கிலத்தில். நான் என் தமிழில் தருகிறேன். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் எங்களுக்குள் எல்லாம் நன்றாக விளங்கியது. உடைக்க வாங்கிய தட்டுகளில் அன்று மத்தியானம் எல்லோரும் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டோம்.

எலேனிக்கு முப்பது வயது இருக்கும். கறுப்பு வெல்வெட்டில் தங்கச் சரிகை வைத்த மேற்சட்டை, நிலத்தைக் கூட்டும் பாவாடை, அதற்கு மேல் பூவேலை செய்த முன்துணி, கழுத்தில் அடுக்கடுக்காய்க் காசுமாலை. மன்னார் வெயிலில் வெல்வெட்! பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தே வியர்த்தார்கள். ஆண்களுக்கு முழங்கால்வரை தொங்கும் அகலமான காற்சட்டை. அதற்குள் இரண்டு பேர் குடியிருக்கலாம். அது கீழே விழாமல் இருப்பதற்கு இடுப்பில் சிவப்புப் பட்டித்துணி ஒன்று, சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தப் பட்டியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடைமாற்றும் இடமாகக் கொடுத்திருந்த வகுப்பறைக்கு நான் அறிவிப்புக் குறிப்புகள் எடுக்கப் போனேன். யானிஸ் என்ற இளைஞன் என்னைக் கரும்பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். நல்ல உயரம், கப்பலின் பாய்மரம் மாதிரி. குரல் மட்டும் குழந்தைப் பிள்ளையின் குரல் போல் நடுங்கியது.

“ஐயா, கடைசி ஆட்டம் நடக்கேக்குள்ள தயவுசெய்து ஒண்டும் கதைக்காதேங்கோ.”

என்னைப் பார்த்து இப்படி ஒருவன் கேட்கலாமா? இருந்தாலும் காரணத்தைக் கேட்டேன். அவர்களுடைய ஆட்டத்தில் எல்லோரும் கைகோத்து வளைந்து வரிசையாக வருவார்கள். வரிசையின் முன்னால் நின்று நடத்துகிறவர் கையில் ஒரு லேஞ்சியை, அதாவது பெரிய கைக்குட்டையை, வீசிக்கொண்டு ஆடுவார். கடைசி ஆட்டத்தில் அந்த லேஞ்சியை வரிசையில் நிற்கும் வேறொருவர் கையில் கொடுத்தால், முன்னிடம் அவருக்கு. அன்று முன்னிடம் எலேனிக்கு. யானிஸ் அவளைக் கலியாணம் செய்யக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. அவள் யோசிக்க வேண்டும் என்றிருக்கிறாள். கடைசியில், பயணத்தின் கடைசி ஆட்டத்தில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். லேஞ்சி யானிஸின் கைக்கு வந்தால் ஓம். வேறு யாருடைய கைக்குப் போனாலும் இல்லை.

“இல்லையெண்டால்?” என்று கேட்டேன்.

“இல்லையெண்டால் நான் ஊருக்குப் போய்க் குழுவை விட்டு விலகிறன். அவள் ஆடுற வரிசையில நிண்டு ஆட என்னால ஏலாது” என்றான்.

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வெளியில் வந்தபோது செயலாளர், “என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அந்த ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனிப் பிரதம விருந்தினரைச் சொல்ல வேண்டும். உப்புக்குளத்து ஹாஜியார். ஐஸ் தொழிற்சாலை முதலாளி. பெரிய மனம், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. மன்னாரில் எந்த விழா என்றாலும் அவர்தான் நடுக்கதிரை. அவருடைய வீட்டு அலுமாரி ஒன்றில் முழுக்க முழுக்கப் பொன்னாடைகள்தான் இருக்கின்றன என்று சொல்வார்கள். பாவம், அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் விழாக்களில் அத்தனை வருடம் முன்வரிசையில் இருந்த மனிதருக்கு, யாராவது துணியோடு பக்கத்தில் வந்தால் கழுத்து தானாகக் குனிந்துவிடும். உங்களுக்கும் எனக்கும் தும்மல் வருவது மாதிரி.

ஆட்டம் தொடங்கியது. வயலின், நீண்ட கழுத்துள்ள வீணை மாதிரி ஒரு வாத்தியம், ஒரு மேளம். அவர்களுடைய தாளம் ஏழு அடி. எங்கள் சனத்தின் கைக்குப் பைலாப் பாட்டின் ஆறடித் தாளம்தான் பழக்கம். தட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஓரடி மிஞ்சியது. ஆள் ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். கூத்துக்கு மத்தளம் அடிக்கிற ஒருவர் எழும்பி நின்று ‘தகிட தகதிமி’ என்று சொல்லிக் கொடுத்த பிறகு மைதானம் முழுக்க ஒரே கைதட்டாக விழுந்தது. வயலின்காரர் மகிழ்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டார். மைதானத்துக்குள் வந்த ஒரு கழுதைகூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

கடைசி ஆட்டம் வந்தது. நான் மைக்கை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வரிசை வளைந்து வளைந்து விருந்தினர் கதிரைகளுக்குக் கிட்ட வந்தது. முன்னால் எலேனி, கையில் வெள்ளை லேஞ்சி. அவளுக்குப் பின்னால் வயதான ஒரு நடனக்காரி, அவளுக்கு அடுத்ததாக யானிஸ். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. சரியாக முன்வரிசைக்கு நேரே வந்ததும் எலேனி ஒரு சுற்றுச் சுற்றி நின்று, லேஞ்சி பிடித்த கையை நீட்டினாள்.

கை நீண்டது ஹாஜியாரின் மூக்குக்கு முன்னால்.

ஹாஜியார் எழும்பினார். வலக்கையை நெஞ்சில் வைத்துக் கொஞ்சம் குனிந்தார். “மாஷா அல்லாஹ்” என்றார். லேஞ்சியை வாங்கினார். உதறி விரித்தார். தன்னுடைய தோளில் தானே போர்த்திக்கொண்டார். பிறகு சபையைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உட்கார்ந்தார். சனம் கைதட்டோ கைதட்டு. படம் எடுக்கிறவர்கள் ஓடி வந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவியின் குரல் எனக்கே கேட்டது: “அலுமாரியில இனி இடமில்ல, சொல்லிப்போட்டன்!”

எலேனி வெறுங்கையோடு நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது. வாத்தியக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார்கள். முன்னால் நிற்பவளின் கையில் லேஞ்சி இல்லாவிட்டால் அந்த ஆட்டம் நகராது போலிருந்தது. வரிசை நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

நான் யானிஸைப் பார்த்தேன். அழுதுவிடுவான் என்று நினைத்தேன். அவன் ஹாஜியாரின் தோளைப் பார்க்கவே இல்லை, எலேனியின் வெறுங்கையைத்தான் பார்த்தான். உடனே கையை விடுவித்து, இடுப்புப் பட்டியின் நுனியை இழுத்து, பம்பரம் மாதிரித் தன்னைத் தானே சுற்றத் தொடங்கினான். சுற்றச் சுற்றப் பட்டி அவிழ்ந்தது. முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. அவிழ்ந்த நுனியை எலேனியின் கைக்கு வீசினான். அவள் பிடித்தாள். வரிசை மறுபடியும் நகர்ந்தது. சனம் இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து விசிலடித்தது.

பட்டி போனால் காற்சட்டையின் கதி என்ன? வெக்கை தாங்காமல் உள்நாடாவையும் தளர்த்தி விட்டிருந்தான் போல. இரண்டு எட்டு வைப்பதற்குள் காற்சட்டை இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் அதை அள்ளிப் பிடித்தான். மற்றக் கையில் பட்டியின் மறுநுனி. பின்னால் வந்தவன் பிடிக்கக் கையில்லாமல் யானிஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். யானிஸ் அப்படியே ஆடினான், ஓரடிகூடப் பிசகாமல். எலேனி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவளுடைய காசுமாலை முழுக்கக் குலுங்கியது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் என் காதுக்குள் வந்தார்.

“அண்ணை, ஹாஜியாருக்கு மட்டும் போத்தியாச்சு. மற்ற ஆக்களுக்கு? அதிபர் அம்மா கோவிக்கப் போறா.”

ஹாஜியாருக்குப் பக்கத்துக் கதிரையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அம்மா. அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, தோளைக் காட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன்னுடைய முறைக்காகக் காத்திருந்தார். எங்கள் ஊரில் ஒருவருக்குக் கௌரவம் கொடுத்துப் பக்கத்தில் இருப்பவரை விட்டால் அந்தக் கோபம் அடுத்த தலைமுறைவரை போகும்.

“கடையில வெள்ளை லேஞ்சி கிடைக்குமோ அண்ணை, ஓடிப்போய் வாங்கியரட்டோ?”

“டேய், அது பொன்னாடை இல்லை. அது அந்தப் பெட்டையின்ர கலியாணப் பதில்” என்று விஷயத்தைச் சொன்னேன். சத்தியத்தை மீறினேன்தான், ஆனால் மைக்கில் இல்லை, காதுக்குள்.

செயலாளரின் முகம் வெளுத்தது. “அப்ப பதில் ஹாஜியாருக்கோ போயிருக்கு?”

“ஓம். அவரும் ஏற்றுக்கொண்டிட்டார்.”

“ஐயோ அண்ணை! அப்ப மைக்கில சொல்லுங்கோ, லேஞ்சியை அந்தப் பொடியனிட்டக் குடுக்கச் சொல்லி. கலியாண விஷயத்தையும் சேத்துச் சொல்லுங்கோ. மைதானமே எழும்பி நிண்டு கைதட்டும். அதோட எல்லாம் சரி.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். செயலாளர் சொன்னது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? வசனம் தொண்டைக்குள் வந்துவிட்டது. கடல் கடந்து வந்த காதலுக்கு மன்னார் மண்ணின் வாழ்த்து என்று தொடங்கி, குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, யானிஸ் என்று முடிக்க வேண்டும். அந்த ஒரு வசனத்துக்காகவே அன்றிரவு எல்லோருடைய தொலைபேசியிலும் நான் ஓடியிருப்பேன். அந்தப் பையன்மேல் எனக்குப் பிரியம் வேறு. காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவன்மேல் யாருக்குத்தான் பிரியம் வராது?

ஆனால் நான் கண்டது ஒரு கையை மட்டும்தான். கை நீண்டது. யாருக்கு நீண்டது என்று எனக்குத் தெரியாது. யானிஸுக்காக இருக்கலாம், பக்கத்தில் நின்ற வயதான நடனக்காரிக்காகவும் இருக்கலாம்.

எங்கள் தொழிலில் ஒரு பயங்கரம் இருக்கிறது. மைக்கில் சொன்னால் அது நடந்ததாகிவிடும். ஓலைத்தொடுவாய்ப் பக்கம் ஒரு விழாவில் வேறோர் அறிவிப்பாளர், பார்வையாளராக வந்திருந்த ஒரு பெண்ணைப் பாடகி என்று நினைத்து, ‘அடுத்து இவர் பாடுவார்’ என்று அறிவித்தார். அந்த மனுசி எழும்பி வந்து பாடினார். ஏன் பாடினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. பாட்டு என்றபடியால் சிரித்துவிட்டுப் போனோம். அத்தனை சனத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் பதிலை நான் அறிவித்துவிட்டால் அவள் அதை எப்படித் திருப்பி வாங்குவாள்?

“குடுக்கிறதெண்டால் அவளிட்டக் குடுப்பம்” என்றேன்.

“அவள் திரும்ப வேற ஆருக்கும் குடுத்தால்?”

“குடுத்தால் குடுக்கட்டும்.”

யானிஸ் குழுவை விட்டுப் போவதற்கு நானும் ஒரு கை கொடுக்கிறேனோ என்று பயந்தேன்.

இனி ஹாஜியாரிடமிருந்து லேஞ்சியை எடுக்க வேண்டும். சபையில் வைத்து, ‘ஹாஜியார், அது உங்களுக்கு இல்லை’ என்று சொல்லலாமா? அந்த நல்ல மனிதர் பிறகு எந்த மேடையில் ஏறுவார்? அப்போது எனக்கு எங்கள் ஊர் விழாக்களின் மந்திரச் சொல் கை கொடுத்தது. வழங்கி வைத்தல்! பிரதம விருந்தினரின் கழுத்து துணியைக் கண்டால் குனியும். ‘வழங்கி வைப்பார்’ என்ற சொல்லைக் கேட்டால் நிமிரும். மைக்கை உயர்த்தினேன்.

“அடுத்து, இந்நடனத்தை முன்னின்று நடத்தும் கலைஞர் எலேனி அவர்களுக்கு, அவருடைய அழகிய லேஞ்சியை, எமது பிரதம விருந்தினர் ஹாஜியார் அவர்கள் தமது பொற்கரங்களால் வழங்கி வைப்பார். எமது அதிபர் அம்மா அவர்கள் உடன் நின்று சிறப்பிப்பார்!”

ஹாஜியார் மின்சாரம் பட்டவர் மாதிரி எழும்பினார். தோளில் இருந்த லேஞ்சியை எடுத்து நாலாக மடித்தார். அதிபர் அம்மா பாய்ந்து வந்து பக்கத்தில் நின்றார், முகம் முழுக்கச் சந்தோஷம். எலேனிக்குக் கையால் சைகை காட்டினேன். ஆடிக்கொண்டே வந்தாள். ஹாஜியார் லேஞ்சியை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் பிடித்து இழுத்தாள். ஹாஜியார் விடவில்லை. படம் எடுக்காமல் எங்கள் ஊரில் யார் விட்டிருக்கிறார்கள்? அவள் இழுக்க, அவர் கமராவைப் பார்த்துச் சிரிக்க, அதிபர் அம்மா ஒரு நுனியில் விரல் வைத்து நிற்க, எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஒருவழியாகப் படம் எடுத்து முடிந்தது, லேஞ்சி அவள் கைக்குப் போனது.

வரிசைக்குத் திரும்பினாள். நான் மைக்கின் ஆளியைத் தட்டி அதை நிறுத்தினேன். செயலாளர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எலேனி வயதான நடனக்காரியைக் கடந்தாள். யானிஸுக்கு முன்னால் போய் நின்றாள். லேஞ்சியை நீட்டினாள்.

யானிஸுக்கு வாங்கக் கையில்லை! ஒரு கையில் பட்டி, மற்றக் கையில் காற்சட்டை. பட்டியை விட்டால் ஆட்டம் போச்சு, காற்சட்டையை விட்டால் மானம் போச்சு. அவன் ஒரு கணம் தவித்தான். பிறகு குனிந்து, லேஞ்சியைப் பல்லால் கௌவிக்கொண்டான்.

குழு முழுக்க ஊளையிட்டது. வயலின்காரர் வில்லைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார். விஷயம் தெரியாத எங்கள் சனமும் எழும்பிக் கத்தியது. வாயில் லேஞ்சி, கையில் காற்சட்டை, கண்ணில் தண்ணீர், இப்படி அவன் முன்னிடத்தில் நின்று அந்த மைதானத்தைச் சுற்றி வந்தான். நானும் செயலாளரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். எனக்கு அப்போது பேரப்பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

முடிந்த பிறகு ஹாஜியாரிடம் உள்ளதைச் சொன்னேன். “அப்ப நான் அந்தப் புள்ளட கலியாணப் பதிலையோ தோளில போட்டுக்கொண்டு இருந்தனான்?” என்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கி, ஆட வந்தவர்கள் எல்லோருக்கும் அடுத்த நாள் மத்தியானம் தன்னுடைய வீட்டில் பிரியாணி என்று அங்கேயே அறிவித்தார், மைக் இல்லாமலே.

தேநீர் குடிக்கும்போது எலேனி என்னிடம் வந்தாள். பந்தல்காரர்களிடம் வாங்கிய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு யானிஸ் தூரத்தில் யாருக்கோ ஏழடித் தாளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டு அவன் சொன்னான். ஏன் அவனிட்டக் குடுக்கச் சொல்லேல்லை?” என்று கேட்டாள்.

“நீங்கள் ஆருக்குக் கையை நீட்டினனீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை.”

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“எனக்கும் தெரியேல்லை. பக்கத்தில நிண்டவவுக்குக் குடுப்பம் எண்டுதான் கையை எடுத்தனான். பாதியில மனம் வரேல்லை. கை அந்தரத்தில நிண்டுது. அதைத்தான் உங்கட பெரிய மனுசர் வாங்கினவர். பிறகு அவன் பட்டியை அவிட்டு எறிஞ்சான். தன்ர பதில் என்னாச்செண்டு யோசிக்கேல்லை, என்ர கை வெறுமையாய் நிக்குதே எண்டு யோசிச்சான். லேஞ்சி திரும்பக் கைக்கு வந்தாப் பிறகுதான் எனக்கு நிச்சயமாய்த் தெரிஞ்சுது.”

தூரத்தில் நின்ற அவனைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அதுக்கு முதல் நீங்கள் அவன்ர பேரைச் சொல்லியிருந்தால், அத்தனை சனத்துக்கு முன்னால மறுக்க ஏலாமல் அவனிட்டக் குடுத்திருப்பன். ஊருக்குப் போய் இல்லையெண்டு சொல்லியிருப்பன்.”